ஆளில்லாத வண்டியில சாயா அடிச்ச கை

பேயின்னு யாராவது பேச்செடுத்தா நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன், அது சாயா குடிக்குமா? குடிக்கும்னா கடைக்குக் கூட்டிட்டு வா, குடிக்காதுன்னா அதுக்கும் எனக்கும் என்ன பேச்சு. அம்புட்டுதான் என் பயபக்தி. மட்டாஞ்சேரியில பொறந்து வளந்தவன் சாரே நான், மொளகு குடோனு, பூட்டிப்போட்ட பழைய பங்களா, எல்லாத்துக்கும் நடுவுல ஒத்தையில நடந்தவன், ஒரு பேய்கூட எங்கிட்ட பீடிக்குத் தீப்பெட்டி கேட்டதில்ல. அப்படிப்பட்டவன் சொல்றேன், நம்பினா நம்புங்க, இல்லேன்னா சிரிங்க. சிரிக்கிறதுன்னா வாயில இருக்கறதை முழுங்கிட்டுச் சிரிங்க, போன வாரம் ஒருத்தர் இதே எடத்துல வச்சு என் சட்டையில துப்பிட்டாரு.

அதுவும் ராத்திரி நடந்ததுன்னாலும் பரவால்ல, தூக்கக் கலக்கம்னு சொல்லிக்கலாம். இது நல்ல உச்சி வெயிலு.

எழுபது முடிஞ்சு எண்பது தொடங்குற காலம்னு வச்சுக்கங்க. அப்ப எனக்கு இருந்த ஒரே சொத்து மீசை. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு தடவ மழைக்கு ஒதுங்கினேன், வாத்தியார் வந்து மழையே தேவலேங்கிற மாதிரி ஒரு கணக்கு கேட்டாரு, நனைஞ்சுக்கிட்டே ஓடி வந்துட்டேன். எங்க அம்மா கூடப்பொறந்த மாமா, யூதங்க இருந்த ஜூ டவுன்ல சாப்பாட்டுக் கடை வச்சிருந்தாரு, கல்யாணம் காச்சிக்கு சமையல் காண்ட்ராக்டும் எடுப்பாரு. அவரு கடையில நான் சாயா அடிக்கிற ஆளு. அடிக்கிறதுன்னா, அந்தக் கையை ஒசத்தி நீட்டமா ஆத்துறாங்களே, அது எனக்கு வரவே வராது. பாதி கிளாஸ்ல விழும், பாதி என் கால்ல விழும். எங்க மாமா சொல்வாரு, ‘எலேய், உன் காலு குடிச்ச சாயாவுக்கு ஒரு எருமையே வாங்கிருக்கலாம்ல.’

மாமாவுக்கு ஒரே மக, கமலம். கட்டுனா அவளத்தான்னு எனக்கு. அவளுக்கும் அப்படித்தான், ஆனா வாயத் தொறந்து சொல்ல மாட்டா, சாம்பார்ல எனக்கு மட்டும் முருங்கக்கா ஒண்ணு கூடுதலாப் போடுவா, நானா புரிஞ்சுக்கணும். மாமாவோட கணக்கு வேற. ஏலூர்ல உரக் கம்பெனியில வேலை, கம்பெனி குவாட்டர்ஸு, பேண்ட்டு, கண்ணாடின்னு ஒரு மாப்பிள்ளையப் பாத்து வச்சிருந்தாரு. நான் அத்தைய விட்டுத் தூது அனுப்பினேன். மாமா என்னக் கூப்பிட்டு, ‘ஒரு வேலை தரேன், அதுல ஒரு கோட்டிக்காரத்தனமும் பண்ணாமத் திரும்பி வந்தேன்னா பேசலாம். பண்ணினியோ, அடுத்த வெள்ளிக்கெழமை ஏலூர்க்காரங்க பூ வைக்க வருவாங்க’ன்னாரு.

அந்த வேலைதான் இந்த வண்டி.

எங்கிருந்தோ ஒரு கூட்டம் வெள்ளைக்காரங்க, எங்க ஊர்ல சாயிப்புன்னு சொல்லுவோம், கரி எஞ்சின் பாக்குறதுக்குன்னே வந்திருந்தாங்க. எங்க தொறமுகத்து ஐலண்டு ஸ்டேஷன்ல இருந்து ஷொறணூர் வரைக்கும், மெயின் லைன்லயே, ஒரு முழு வண்டியப் பேசி எடுத்திருக்காங்க. போய் என்ன செய்யப் போறாங்கன்னு கேட்டேன், ஒண்ணும் செய்யலயாம், போயிட்டுத் திரும்பி வருவாங்களாம். நாங்க கரிப்பொகைக்குப் பயந்து ஜன்னலச் சாத்துவோம், இவங்க கண்ணுல கரி விழுந்தா ‘ஆகா’ன்னு ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கிறாங்க. அவங்களுக்குச் சாப்பாடு மாமா காண்ட்ராக்டு, சாயா நான். எனக்கு ஒரு உடுப்பு வேற, பெரிய ஓட்டல் பேரர் மாதிரி வெள்ளைக் கோட்டு, தலையில விசிறி வச்ச செவப்புத் தலப்பா. பேண்டு செட்டுக்காரன்கிட்ட வாங்கினது, அவன் தலை அளவு, எனக்குப் புருவம் வரைக்கும் எறங்கும். கமலம் பாத்துட்டு அடுக்களைக்குள்ள ஓடிட்டா. சிரிக்கத்தான்.

வண்டி கெளம்பிச்சு, பாலம் தாண்டிச்சு, எர்ணாகுளம் தாண்டிச்சு. ஆலுவாயில டிரைவர் சேட்டன் எஞ்சின்ல இருந்தே எனக்கு ஒரு வாளி வெந்நீர் புடிச்சுக் குடுத்தாரு, அடுப்பு மிச்சம்னு நானும் அதுலயே முதல் சாயாவப் போட்டேன். சாயிப்புங்க ஒரு வாய் குடிச்சாங்க. பெறகு ரொம்ப மரியாதையா, வரிசையா ஜன்னல் வழியா ஊத்தினாங்க. எஞ்சின் எண்ணெய் வாடை. மாமா என்ன ஒரு பார்வை பாத்தாரு, எனக்கு ஏலூர்க்காரன் கண்ணாடி பளபளன்னு தெரிஞ்சுது.

சாலக்குடிக்கு இந்தப் பக்கம், ரெண்டு பக்கமும் வயலா இருக்கற எடத்துல வண்டி நின்னுது. சாயிப்புங்க எல்லாம் கேமராவும் கையுமா வரப்புல எறங்கிட்டாங்க. விசயம் என்னன்னா சாரே, இவங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் எறங்கிருவாங்க, வண்டி காலியா பின்னால போவும், அங்கிருந்து பொகையக் கக்கிக்கிட்டு, கூவிக்கிட்டு, பாய்ஞ்சு முன்னால வரும், இவங்க படம் புடிப்பாங்க, தாண்டிப்போய் நிக்கும், ஓடிப்போய் ஏறிக்குவாங்க. டிக்கட்டு எடுத்த வண்டி தங்கள விட்டுட்டுப் போறத ரசிக்கிற ஆளுங்கள நான் அன்னிக்குத்தான் பாத்தேன். அதுல ஒரு சட்டம், பெட்டியில ஆள் இருக்கப்படாது, ஜன்னல்ல தலை தெரியப்படாது, தெரிஞ்சா படம் கெட்டுச்சு.

இத யாரு எங்கிட்ட சொன்னா? கடேசிப் பெட்டிதான் எங்க சமையல் பெட்டி, அந்த அடுப்புப் பெட்டியில நான் கிளாஸ் கழுவிக்கிட்டிருந்தேன், வெளிய பாத்தா அம்புட்டு கேமராவும் என்னையே பாக்குது. மீசைய முறுக்கிட்டு, தலப்பாவ நிமுத்திட்டு, ரெண்டு கையாலயும் டாட்டா காட்டினேன்.

எறங்கினா மாமா கையில செருப்பு. சாயிப்புல ஒருத்தரு, நல்ல ஒசரம், தலையெல்லாம் பஞ்சு, அவரு மட்டும் திட்டல, வரப்புல உக்காந்துட்டாரு. கார்டு சேட்டன் வந்து வெவரம் சொன்னாரு, இந்த எஞ்சினச் செஞ்ச பட்டறையில அந்தக் கெழவர் சின்ன வயசுல வேலை பாத்தாராம், ஒரு படம், ஒரே ஒரு நல்ல படம் வேணும்னு இம்புட்டு தூரம் வந்திருக்காராம். எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. மாமா செருப்பைக் கீழ போட்டுட்டு மெதுவாச் சொன்னாரு, அதுதான் பயம், ‘இன்னொரு தடவ ஜன்னல்ல உன் மூஞ்சி தெரிஞ்சுது, வெள்ளிக்கெழமை பூ.’

அடுத்தது திருச்சூர் தாண்டி, ஒரு மேட்டு வளைவு. இந்தத் தடவ வண்டி நிக்கறதுக்கு முன்னாலயே நான் குதிச்சுட்டேன். மாமாவுக்குப் பின்னால, அவரு தோள்ல என் தலப்பா விசிறி ஒரசுற மாதிரி நின்னேன். வண்டி பின்னால போச்சு, கூவிச்சு, வந்துச்சு. நல்லாத்தான் வந்துச்சு, எஞ்சின் போச்சு, முதல் பெட்டி போச்சு, எல்லா ஜன்னலும் காலி. கடேசியா அடுப்புப் பெட்டி. அதுல ஒரு செவப்புத் தலப்பா.

ஜன்னலுக்குள்ள குனிஞ்சு என்னமோ செஞ்சுக்கிட்டிருக்கு. மூஞ்சி தெரியல, ஒரே ஆவி. தலப்பா மட்டும் ஆடுது.

மாமா, ‘அந்த நாசமாப் போறவன...’ன்னு பல்லக் கடிச்சுக்கிட்டே செருப்பக் கழட்டுறாரு, கழட்டிட்டுத் திரும்புறாரு, திரும்பினா நான். மூக்குக்கு மூக்கு. என் தலையப் பாத்தாரு, வண்டியப் பாத்தாரு, மறுபடி என் தலையப் பாத்தாரு. தூக்கின செருப்பு அப்படியே நிக்குது. அந்தப் பக்கத்துல இருந்து கார்டு சேட்டன் கத்துறாரு, ‘மொதலாளி, பையன் பின்னேயும் வண்டியிலாணல்லோ!’ நான் மறுபடியும் வண்டியிலதான் இருக்கேனாம்.

‘மாமா, நான் இங்க இருக்கேன் மாமா’ன்னேன்.

‘தெரியுதுலே, வாய மூடு.’

பெட்டி பெட்டியாத் தேடினாங்க, கக்கூஸக்கூடத் தொறந்து பாத்தாங்க, ஒரு ஈ காக்கா இல்ல. தலப்பாவும் ஒண்ணே ஒண்ணு, அது என் தலையில. சாயிப்புங்களுக்கு இதெல்லாம் தெரியாது, அவங்களப் பொறுத்தவரைக்கும் அந்தக் கூறுகெட்ட பேரர் மறுபடியும் படத்தக் கெடுத்துட்டான். என்ன எறக்கி விட்டுரச் சொன்னாங்கன்னு கார்டு சேட்டன் சொன்னாரு. மாமா கையக் கூப்பி இன்னொரு வாய்ப்பு கேட்டாரு, எனக்காக இல்ல, காண்ட்ராக்டுக்காக.

ஷொறணூர் போறதுக்கு முன்னால கடேசி எடம். வண்டி நின்ன ஒடனே கார்டு சேட்டன் அடுப்புப் பெட்டி ரெண்டு கதவையும் வெளிய இருந்து பூட்டினாரு. மாமா என் தலப்பாவ உருவித் தன் கக்கத்துல வச்சுக்கிட்டாரு. என் கையையும் தன் கையையும் துண்டால சேத்துக் கட்டிட்டாரு, கல்யாணத்துல கூட மாமனார எனக்குக் கட்டி வக்க மாட்டாங்க. அப்படியே பொட்டல் வெயில்ல நிக்கிறோம். பஞ்சுத்தலைக் கெழவர் முட்டி போட்டு கேமராவக் கண்ணுல வச்சுட்டாரு.

வந்துச்சு சாரே. அப்படி ஒரு கூவல், வயித்துக்குள்ள போவுது. எஞ்சின் போச்சு. பெட்டிங்க போச்சு. அடுப்புப் பெட்டி ஜன்னல்ல தலப்பா விசிறி. கீழ ஆவி. அந்த ஆவிக்குள்ள இருந்து ஒரு கை மொழங்கை வரைக்கும் வெளிய நீண்டுச்சு, கையில நான் சாயா ஆத்துற பித்தளை மக்கு. வெளியவே, ஓடுற வண்டிக்கு வெளியவே, ஒசத்திப் புடிச்சு சாயா அடிக்குது. நீட்டம்னா நீட்டம், ஒரு முழத்துக்கு மேல. அந்தக் காத்துக்கு என் வேட்டி கொடி மாதிரிப் பறக்குது, அந்தச் சாயா மட்டும் நூல் புடிச்ச மாதிரி நேரா எறங்குது. ஒரு சொட்டு செதறல.

சாயிப்புங்க கை தட்டினாங்க! மாமா ஏற்பாடு பண்ணின வித்தைன்னு நெனச்சுட்டாங்க. கெழவர் ஓடி வந்து மாமாவக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு, துண்டுல கட்டியிருந்ததால நானும் சேந்து அணைப்புல மாட்டிக்கிட்டேன்.

கார்டு சேட்டன் பூட்டைத் தொறந்தாரு. உள்ள ஆளில்ல. தட்டுல வரிசையா எல்லா கிளாஸ்லயும் சாயா, நொரை அடங்கல, சூடு. பித்தளை மக்கு கழுவிக் கவுத்தி வச்சிருக்கு, நான் ஜென்மத்துல மக்கைக் கழுவிக் கவுத்தினதில்ல. கார்டு சேட்டன் சிலுவை போட்டாரு. மாமா தொண்டையச் செருமிட்டு, ‘எடுத்துக் குடுலே, ஆறிரப் போவுது’ன்னாரு. அவருதான் காண்ட்ராக்டரு!

சாயிப்புங்க குடிச்சாங்க, ரெண்டாவது கிளாஸ் கேட்டாங்க, தட்டுல ஓரமா ஒரு கிளாஸ் மட்டும் தள்ளி வச்சிருந்துச்சு, அத மாமா எடுத்தாரு. ஒரு வாய் குடிச்சுட்டு மூஞ்சியச் சுளிச்சாரு. ‘எல்லாருக்கும் இனிக்குது, எனக்கு மட்டும் சர்க்கரை இல்ல. ஏம்லே?’ன்னு எங்கிட்ட கேக்குறாரு.

வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு, பேய் சாயா போடுதுன்னா அடுத்த காண்ட்ராக்டு யாரு தருவா. ஆனா ஏலூர் பேச்சு மட்டும் நிக்கல. வெள்ளிக்கெழமை காலையில பூக்கூடை வந்துருச்சு, கமலம் கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கு. அந்தக் கூடையத் தூக்கினவருதான் மாமா, அப்படியே மயங்கி விழுந்தாரு. ஆஸ்பத்திரியில பாத்தா சர்க்கரை வியாதி, தலைக்கு மேல ஏறி நிக்குது, அது வரைக்கும் அவருக்கே தெரியாது. கண்ணு முழிச்சதும் அவரு தேடினது என்னத்தான். ‘நீ அன்னிக்கே கண்டுபுடிச்சு எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாம வச்சிருக்கலே, பெத்த மகன் செய்வானாலே இத?’ன்னு அழுவுறாரு. நான் போடல மாமா, நம்ம ரெண்டு பேரையும் துண்டால கட்டியிருந்துச்சேன்னு சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ன கமலம் என் கால ஓங்கி மிதிச்சா. வாய மூடிக்கிட்டேன். அந்த மாசமே கல்யாணம்.

கொஞ்ச நாள் கழிச்சு சாயிப்புக் கெழவரு அந்தப் படத்த அனுப்பி வச்சாரு, கலர்ப் படம். எஞ்சின், பொகை, கடேசிப் பெட்டி, ஜன்னல்ல இருந்து நீளுற கை. மணிக்கட்டுக்கு மேல மாங்கொட்டை கணக்கா செவப்பா ஒரு தழும்பு. என் கைய நீட்டிப் பாத்தேன், வழவழன்னு இருக்கு. அப்பாடா, நான் இல்லேன்னு இருந்தேன். படத்துல கறைன்னு சொல்லி கமலம் முந்தானையால தொடச்சுப் பாத்தா, போகல.

பெறகு மாமா போய்ச் சேந்து, ஜூ டவுன் கடையும் போயி, நான் இந்தத் தோப்பும்படியில கடை போட்டேன். வயசானதும் எப்படியோ அந்த நீட்டமும் கைக்கு வந்துருச்சு, இப்ப பாத்தீங்களே, ஒரு சொட்டு செதறல. ஒரு நாள் பாய்லர் கொழாய் புடுங்கிக்கிட்டு வெந்நீர் கையில கொட்டிருச்சு. நான் அலறுறேன், கமலம் மருந்து எடுக்க ஓடுறான்னு பாத்தா படத்த எடுத்துட்டு ஓடி வரா. புண்ணு ஆறி, தோல் உரிஞ்சு, இதோ பாருங்க, மணிக்கட்டுக்கு மேல. மாங்கொட்டை. படம் அந்தா சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கு, எந்திரிச்சுப் போய் வச்சுப் பாத்துக்கங்க.

நான் இன்னும் அந்த வண்டிக்குள்ள போயி அந்தச் சாயாவ அடிக்கல சாரே. எப்ப, எந்த வழியா, ஒண்ணும் தெரியல. இப்ப கரி எஞ்சினே இல்ல. ஆனா தொறமுகத்துப் பக்கம் எதாவது கப்பல் கூவினாக்கூட என் கை தானா மக்கைத் தேடுது.

கமலத்துக்கு எம்மேல கவலையே கெடையாது. அவ கவலை வேற. கூவல் கேக்குறப்பல்லாம் அடுக்களையில இருந்து கத்துவா, ‘அத்தான், போறதுன்னா போங்க, அப்பாவுக்கு மட்டும் சர்க்கரை போட்டுறாதீங்க!’