ஜிம்மிக்கு லைசன்ஸ் கேட்டு வந்தவர்

1. கவுண்டர்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருடம் மலாக்கா டவுனில் ஒரு அரசாங்க ஆபீஸில் எனக்குக் கிராணி வேலை, குமாஸ்தா வேலை, கிடைத்தது. முதல் நாளே நாய் லைசன்ஸ் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். யாருக்கும் பிடிக்காத இடம் அது. வெறிநாய்க்கடிக்கு ஊரே பயந்திருந்த காலம். நாய் வளர்ப்பவர் வருடா வருடம் விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுத்துப் புதுத் தகடு வாங்கி அதன் கழுத்தில் மாட்ட வேண்டும். தகட்டின் வடிவம் ஒவ்வொரு வருடமும் மாறும். பழைய தகட்டோடு ரோட்டுக்கு வரும் நாயை அரசாங்கத் துப்பாக்கிக்காரர்கள் சுட்டுவிடுவார்கள்.

ஆறு மாதம் குறையில்லாமல் செய்தால்தான் வேலை நிரந்தரம் என்று பெரிய கிராணி சொல்லியிருந்தார். அவர் மேசை என் முதுகுக்குப் பின்னால்.

2. ரத்தினம்

காஜா பேராங் பகுதியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ரத்தினம் இருந்தார். வயது முப்பதுக்கு மேல். அவருடைய அக்கா சரஸ்வதி, துணி தைத்து அவரைப் பார்த்துக்கொண்டார். ரத்தினம் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். திடீரென்று சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் குந்திவிடுவார். வருடக்கணக்கில் வாசலைத் தாண்டியதில்லை. தெருவில் அவரைப் பைத்தியம் என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு மழைநாளில் ஒரு குட்டி நாய் அவர்கள் வீட்டுக்குள் ஒதுங்கியது. ஜிம்மி என்று பேர் வைத்தார்கள். அது வெளியே நடக்க வேண்டுமே என்று ரத்தினம் வெளியே வந்தார். முதலில் தெருமுனை வரை. அப்புறம் ரொட்டிக்கடை வரை. தினமும் காலை சரியாக ஏழு மணிக்கு. லோரி ஹார்ன் அடித்தால் ஜிம்மியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிடுவார், ஓட மாட்டார்.

பேச்சும் வந்தது. ஆனால் எல்லாம் நாயின் பேரில். "ஜிம்மிக்கு ரெண்டு ரொட்டி வேணும்." "ஜிம்மிக்குத் தலை வலிக்குது."

சரசக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார்: "அவனுக்கு எங்க வலிக்குதுன்னு முப்பது வருஷமா எனக்குத் தெரியாது தம்பி. இப்பத்தான் தெரியுது."

3. திங்கட்கிழமை

பழைய தகடு காலாவதியான மறுநாள். வரிசை வாசல்வரை நின்றது. சரசக்காவுக்குக் காய்ச்சல் என்று முந்தின நாளே கேள்விப்பட்டிருந்தேன். ரத்தினம் தனியாக வந்திருந்தார். காலடியில் ஜிம்மி. அவ்வளவு கூட்டத்துக்குள் அவர் எப்படி வந்து நின்றார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

"பேரு என்னண்ணே?" என்றேன்.

"ஜிம்மி."

"நாய் பேரு இல்லண்ணே. உங்க பேரு."

"ஜிம்மிக்கு லைசன்ஸ் வேணும்."

வரிசையில் சிரித்தார்கள். ரத்தினம் பாரத்தின் மூலையைத் தடவிக்கொண்டே அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பெரிய கிராணி எழுந்து வந்தார்.

"என்னலா இது, சர்க்கஸா? சொந்தக்காரன் வாயால பேரு சொல்லணும், கையெழுத்துப் போடணும். வீட்டு ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லு. அடுத்த ஆளு வா!"

ரத்தினத்தின் பேர், அப்பா பேர், வீட்டு நம்பர் எல்லாம் எனக்குத் தெரியும். போன வருடப் பதிவும் என் பக்கத்து அலமாரியில்தான் இருந்தது. "எனக்குத் தெரிஞ்சவருதான் சார், நான் எழுதிக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று வாரம் இருந்தது. நான் பாரத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

"அக்காவைக் கூட்டிட்டு வாங்கண்ணே."

அன்று மாலை நானாவது போய் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை.

4. புதன்கிழமை

காய்ச்சலில் படுத்திருந்த சரசக்கா, நாயை வெளியே விடாதே என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் மணி ஏழானால் ரத்தினத்தால் வீட்டில் இருக்க முடியாது. ரொட்டிக்கடைக்கு முன்னால் துப்பாக்கிக்காரர்கள் ஜிம்மியின் கழுத்தைப் பார்த்தார்கள். ரத்தினத்தை ஒதுங்கச் சொன்னார்கள். அவர் ஒதுங்கவில்லை. இருவர் பிடித்து இழுத்தார்கள். சுட்ட பிறகு அவர் காதைப் பொத்தவே இல்லை, நாயின் முதுகில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார் என்று கடைக்காரர் சொன்னார்.

மறுநாள் சரசக்கா கவுண்டருக்கு வந்தார். காய்ச்சல் இன்னும் விடவில்லை.

"அவன் இங்க வந்தானா தம்பி?"

"வந்தாருக்கா."

"லைசன்ஸ் கேட்டானா?"

"கேட்டாரு. பேரு கேட்டேன், சொல்லல."

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு அவன் பேரு தெரியாதா?"

நான் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போய்விட்டார்.

5. அதற்குப் பிறகு

வேலை நிரந்தரமானது. விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர் என்று என் ஃபைலில் பெரிய கிராணி எழுதினார். உஜோங் பாசிரிலிருந்து ஒரு குட்டி வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ரத்தினம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பவே இல்லை. குட்டியைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார் அக்கா. பிறகு ரத்தினம் வெளியே வந்து யாரும் பார்க்கவில்லை, பேச்சும் நின்றுபோனது. ஒரு வருடத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டார்கள்.

ஆட்டிசம் என்ற சொல்லை நான் கேட்டது ஓய்வு பெற்றதற்கும் பல வருடங்களுக்குப் பிறகு. அப்படிப்பட்ட பெரியவர்களுக்கு ஒரு பிராணி கூட இருந்தால் தைரியம் வரும், வெளியே போவார்கள், பேசுவார்கள் என்று இப்போது சொல்கிறார்கள். எனக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. தினமும் காலையில் என் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

கவுண்டரில் உட்காரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எதிரே நிற்பவரால் சொல்ல முடியாதது உங்களுக்குத் தெரிந்திருந்தால், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மேலே இருப்பவர் திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். அன்று நான் செய்ததற்காக என்னை இதுவரை ஒருவரும் திட்டவில்லை. சரசக்காகூடத் திட்டவில்லை.