சனிக்கிழமைகளில் தில்லையம்மாள்

தில்லையம்மாள் செத்து ஒரு வருஷம் கழித்து, புரட்டாசி முதல் சனிக்கிழமை, ஆலப்பாக்கம் நிறுத்தத்தில் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவளுடைய கணவர் சாமிக்கண்ணு கடலூர் - சிதம்பரம் தனியார் பேருந்தில் ஓட்டுநர். வீடு ஆலப்பாக்கம். உயிரோடிருந்தவரை வண்டி வரும் நேரத்துக்கு அவள் அப்படித்தான் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பாள். அதே அரக்குப் புடவை. வண்டியை ஓரங்கட்டுவதற்குள் ஆளைக் காணவில்லை.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். மற்ற நாட்களில் வரவில்லை. திருவந்திபுரம் பெருமாளுக்கு விரதம் இருப்பதன் பலன் என்று நினைத்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் படையல் போடும்வரை பச்சைத்தண்ணீர்தான். சர்க்கரை மாத்திரையை மட்டும் காலையில் விழுங்கிவிடுவார். மாத்திரை சாப்பாடு இல்லையே, விரதம் கெடாது.

மூன்றாம் சனிக்கிழமை அவள் நடுரோட்டுக்கே வந்துவிட்டாள். சாமிக்கண்ணு பிரேக்கை மிதித்தார். வண்டிக்குள் கைக்குழந்தையோடு நின்றிருந்த பெண் முன்னால் வந்து விழுந்தாள். குழந்தையின் தலை கம்பியில் மோதாமல் தப்பியது.

"ரோட்டுல யாருமே இல்லியே மாமா, எதுக்குப் புடிச்ச?" என்று நடத்துநர் எழிலன் ஓடிவந்தான். சாமிக்கண்ணுவின் சட்டை வேர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது. எழிலனின் அம்மாவுக்கும் சர்க்கரை, அவன் இதைப் பார்த்திருக்கிறான்.

"காலையில என்னா சாப்ட்ட?"

"மாத்திரை."

"மாத்திரைக்குத் தொட்டுக்க?"

எழிலன் ஒரு காலேஜ் பையனிடமிருந்து ஜூஸ் பாட்டிலைப் பிடுங்கி அவர் வாயில் வைத்தான். குடிக்கக் குடிக்க, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தில்லையம்மாள் கரைந்துகொண்டே போனாள். முதலில் முகம். கடைசியில் தூக்குவாளி. பாதியில் அவர் வாயை மூடிக்கொண்டார். "முழுங்கு மாமா," என்று எழிலன் தாடையைப் பிடித்து அழுத்தினான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா திட்டினாள். "மாத்திர போட்டா வவுத்துல எதனா இருக்கணும். அதுக்குன்னு வெறும் இட்லியா அடுக்காதீங்க. சர்ருன்னு ஏறி எறங்கும், பதினோரு மணிக்கே பசி புடுங்கும். சுண்டல், கீரை மொதல்ல சாப்புடுங்க."

"சர்க்கர எறங்குனா இல்லாத ஆளு கண்ணுக்குத் தெரியுமா?"

"என்னென்னமோ தெரியும்."

கடைசி சனிக்கிழமை விடிந்தது. சாப்பிட்டால் அவள் வரமாட்டாள். சாப்பிடாவிட்டால் வருவாள், வண்டி நிறைய ஆள் இருக்கும். லீவு போட்டுவிட்டு நிறுத்தத்தில் போய் நிற்கலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் அவள் வண்டிக்காக அல்லவா வருகிறாள்.

கடலூர் பேருந்து நிலையத்தில், எழிலன் பார்த்துக்கொண்டிருக்க, கொண்டைக்கடலைச் சுண்டலை ஒவ்வொன்றாக மென்றார். பிறகு இரண்டு இட்லி.

"பெருமாளு கோச்சிக்க மாட்டாரு மாமா."

"பெருமாள யாருடா கேட்டா."

ஆலப்பாக்கத்தில் நாலு பேர் ஏறினார்கள். தூக்குவாளியோடு யாரும் நிற்கவில்லை. எழிலன் விசில் கொடுத்த பிறகும் வண்டி கொஞ்ச நேரம் நகரவில்லை. பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். எடுத்தார்.

சிதம்பரத்தில் எல்லோரும் இறங்கிய பின்னும் அவர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டது. பசி வரவில்லை.