செருப்புகள் நடந்த முப்பத்தெட்டு விநாடி

என் தம்பியின் மனைவி தன் கைபேசியை என்னிடம் நீட்டியபோது, மொன்றியலின் ரொக்ஸ்பரோ பகுதியில் அவர்களுடைய வீட்டுக் குசினியில் நின்று வடை தின்றுகொண்டிருந்தேன். தம்பியின் மகளுக்கு அன்று ஐந்தாவது பிறந்தநாள். முன்னறையில் பிள்ளைகள் பிரெஞ்சில் கத்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

“மச்சாள், இதை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. சும்மா கீறினனான்,” என்றாள்.

முப்பத்தெட்டு விநாடி ஓடும் அசைபடம். ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று. அதன் கீழே ஒரு சோடிச் செருப்பு. எல்லாமே நீலப் பேனையால் கீறியவை. கட்டிலில் கிடப்பவரின் முகம் இல்லை, போர்வையின் மேடு மட்டும்தான். செருப்புகள் மெல்லக் கிளம்பி, அறையைத் தாண்டி நடைபாதைக்கு வருகின்றன. தரை துடைத்த ஈரத்தில் கொஞ்சம் தயங்குகின்றன. யன்னல்வரை போய் நின்று, வெளியே பனி கொட்டுவதைப் பார்க்கின்றன. பிறகு திரும்பி வந்து அதே கட்டிலின் கீழே ஒதுங்குகின்றன. இப்போது போர்வையில் மேடு இல்லை. அடுத்த ஆளுக்காகத் தட்டையாக விரித்துவிட்டிருக்கிறார்கள்.

அழகான ஒன்றைப் பார்த்த சந்தோசம் ஒரு கணம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அடுத்த கணமே வயிறு எரிந்தது.

அவள் கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை செய்கிறாள். தம்பியைக் கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஏழு வருடம். படம் கீற யாரிடமும் படித்ததில்லை. சாப்பாட்டுத் தட்டுகளோடு வரும் துண்டுச்சீட்டுகளின் பின்பக்கத்தில், இடைவேளைகளில் கீறியிருக்கிறாள். வீட்டில் மாப் போட்டுவைக்கும் இரண்டு ரின்களுக்கு நடுவே கைபேசியைச் செருகிவைத்து, ஒவ்வொன்றாகப் படம் எடுத்திருக்கிறாள்.

நானோ இந்த மொன்றியலிலேயே மூன்று வருடம் அசைபடம் செய்யப் படித்தவள். பதினைந்து வருடமாக இதுதான் என் தொழில். ஓய்வூதியப் படிவத்தை எப்படி நிரப்புவது, பேருந்துப் பாதை ஏன் மாறுகிறது, வைத்தியரிடம் நேரம் எடுப்பது எப்படி என்று விளக்கும் சின்னச் சின்ன அசைபடங்களைச் செய்வேன். அம்புக்குறிகள் பறக்கும், வட்டங்கள் விரியும், கண் மூக்கு இல்லாத மனிதர்கள் கையசைப்பார்கள். ஒவ்வொரு காலையும் மெட்ரோவில் உலகத்தின் எங்கெங்கோ இருந்து வரும் குட்டிப் படங்களைப் பார்ப்பேன். பிடித்ததைச் சேமித்துவைப்பேன். என்றோ ஒருநாள் என் சொந்தப் படத்துக்கு அவை உந்துதலாக இருக்கும் என்று நம்பினேன். அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போனது, படம் மட்டும் வரவில்லை. அவற்றைச் செய்த, முகம் தெரியாத ஆட்கள்மீது எனக்குப் பொறாமை வந்ததே கிடையாது. எனக்குச் சோறு போட்டுத் தந்த கை ஒன்று அப்படி ஒரு படம் செய்தபோதுதான் வந்தது.

கோட்-டெ-நெய்ஜ் நூலகத்தில், அந்தப் பகுதியில் வசிப்பவர்களும் வேலை செய்பவர்களும் எடுத்த குறும்படங்களைத் திரையிடப்போகிறார்களாம். மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பலாமா என்று கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா துள்ளுது. கோடு ஒரு இடத்தில மொத்தம், ஒரு இடத்தில மெல்லிசு. இப்பிடியே அனுப்பினா நீர் பழகாத ஆள் எண்டு தெரிஞ்சிடும். அடுத்த வருசம் பாப்பம்,” என்றேன்.

“ஓம் மச்சாள், நீங்கள் சொன்னாச் சரி,” என்றாள்.

வடிவாகப் பார்த்துச் சொல்கிறேன் என்று அந்தப் படத்தை என் கைபேசிக்கும் அனுப்பச் சொன்னேன். நோத்ர-டாம்-த-கிரேஸில் என் வீட்டுக்கு வந்து, அதை நிறுத்தி நிறுத்தி, படம் படமாகப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். கோடுகள் நடுங்கின. ஒரு செருப்பு மற்றதைவிடப் பெரிதாகிச் சிறிதாகியது. ஆனாலும் அந்த யன்னலடியில் இரண்டும் நிற்கும் இடம் வரும்போதெல்லாம் என் கை தானாக நின்றது.

பிறகு நான் செய்ததுதான் வெட்கக்கேடு. வேலையை முடித்துவிட்டு வந்து கணினியின் முன் உட்கார்ந்தேன். பேருந்துத் தரிப்பிடத்தில் யாரோ மறந்துவிட்டுப் போன பனிச் சப்பாத்து ஒன்று, தன் சோடியைத் தேடி நகரம் முழுக்க நடப்பதாக ஒரு படம் செய்தேன். செருப்பு வேறு, சப்பாத்து வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினைந்து வருடமாக வராதது ஒன்பது நாளில் வந்துவிட்டது. என் அலுவலகம் கோட்-டெ-நெய்ஜில் இருந்ததால் நானும் அனுப்பலாம். அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நூலகத்தின் கீழ்த்தள மண்டபத்தில் திரையிட்டார்கள். அக்காவின் படம் என்று தம்பி பெருமையாகக் குடும்பத்தோடு வந்திருந்தான். தம்பியின் மனைவி, எனக்கும் அவள் மச்சாள்தான், வேலையிலிருந்து நேரே வந்து, சீருடைக்கு மேலே குளிர்ச்சட்டையைப் போட்டபடி இருந்தாள். அவள் வருவாள் என்று எனக்குத் தெரியும். வந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டாள் என்பதும் தெரியும். அந்தத் துணிவில்தான் இருந்தேன்.

என் சப்பாத்து வழுக்கிக்கொண்டு போவதுபோல அழகாக நடந்தது. சனம் கைதட்டியது. நூலகப் பெண் வந்து, மிகத் துப்புரவான வேலை என்று பிரெஞ்சில் பாராட்டினாள். அந்தச் சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் தம்பியின் மகள் தகப்பனிடம் பிரெஞ்சில் உரத்துக் கேட்டாள். அம்மாவின் செருப்பு எப்போது சப்பாத்தாக மாறியது?

தம்பிக்கு விளங்கவில்லை, சத்தம் போடாதே என்றான். மச்சாள் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

தம்பி கார் எடுக்கப் போனபோது வாசலில் நாங்கள் இருவரும், அவளுடைய கையைப் பிடித்தபடி பிள்ளையும் நின்றோம். அவள்தான் முதலில் கதைத்தாள்.

“மச்சாள், உங்கட சப்பாத்துக்கு ஏன் பாரம் இல்லை?”

எனக்கு விளங்கவில்லை.

“நாள் முழுக்க நான் குனிஞ்சு காலைத்தானே பாக்கிறன். ஆஸ்பத்திரியில வருத்தக்காரர் காலைத் தூக்கி வைக்கமாட்டினம், இழுத்து இழுத்துத்தான் நடப்பினம். தேடிக்கொண்டு போற ஆளும் அப்பிடித்தான், நிண்டு நிண்டுதான் போகும். உங்கடை மிதக்குது.”

அதில் குத்தல் இல்லை. குத்திக்காட்டியிருந்தால் நான் தப்பியிருப்பேன். வேலை தெரிந்த ஒருத்தி வேலை தெரிந்த இன்னொருத்தியிடம் வேலையைப் பற்றிக் கேட்டது அது. எனக்கு அப்போதுதான் வாய் திறந்தது.

“உம்மடை படத்தில ஒரு பிழையும் இல்லை. எனக்குப் பொறாமை. அதுதான் அனுப்பவேண்டாம் எண்டு சொன்னனான்.”

அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நான் அதை அழிச்சுப்போட்டன்,” என்றாள். “கீறின துண்டெல்லாத்தையும் குப்பையில போட்டிட்டன். நீங்கள் படிச்ச ஆள். நீங்கள் சொன்னா அது சரியாத்தான் இருக்குமெண்டு நினைச்சன்.”

கார் வந்தது. பிள்ளையைப் பின்னால் ஏற்றிவிட்டு முன்னால் ஏறிக்கொண்டாள். நான் மெட்ரோவில் போகிறேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க முடியவில்லை. மெட்ரோ நிலையப் படியில் நின்றபடியே, என் கைபேசியில் இருந்த அவளுடைய படத்தை அவளுக்குத் திருப்பி அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பார்த்தாள் என்று தெரிந்தது. மூன்று கிழமை அவள் என்னோடு கதைக்கவில்லை. நான்காவது கிழமை, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவளே அழைப்பு எடுத்தாள். போனேன். மருந்து எப்போது கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.

அந்த நாட்களில்தான் நான் மெட்ரோவில் கைபேசியைப் பார்ப்பதை விட்டேன். சனத்தின் கால்களைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஒரு கோப்பைக் கோப்பியை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்து, போகிறவர் வருகிறவர் எப்படி நடக்கிறார்கள் என்று குறிப்புக் கொப்பியில் கீறினேன். வைத்தியரிடம் நேரம் எடுப்பது பற்றிய அடுத்த படத்தில் வந்த கிழவி ஒருத்தியை, கால் இழுத்து நடக்க வைத்தேன். ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறாள் என்று மேலாளர் கேட்டார். அப்படித்தான் வருவாள் என்றேன். அந்த நான்கு விநாடியை அவர் வெட்டவில்லை. பதினைந்து வருடத்தில் என்னுடையது என்று நான் சொல்லக்கூடியது அந்த நான்கு விநாடிதான்.

மச்சாள் அதற்குப் பிறகு இரண்டு படம் செய்துவிட்டாள். ஒன்று, வாளித் தண்ணீரில் தெரியும் கூரை விளக்குகளைப் பற்றியது. பார்த்தபோது வயிறு பழையபடி எரிந்தது. கொஞ்சமும் குறையவில்லை. அதை அவளிடம் சொன்னேன். சிரித்தாள்.

இப்போதும் தன் படங்களை எனக்குக் காட்டுகிறாள். ஆனால் எங்கே அனுப்ப வேண்டுமோ அங்கே அனுப்பிவிட்டுத்தான் காட்டுகிறாள்.