சித்தியும் மூன்று மணிக்குக் கடை கட்டுகிறவர்களும்

என் சித்திக்கு நாணயங்கள் மீது எந்த ஆசையும் கிடையாது. பழைய காசு ஒன்றை அவள் கையில் கொடுத்தால் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பாள். "நல்லாத்தான் இருக்கு" என்பாள். கொடுத்தவரிடமே திருப்பித் தந்துவிட்டுக் கைகழுவப் போய்விடுவாள். அப்படிப்பட்டவள்தான் எங்கள் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் நாணயக் கண்காட்சியை நடத்துகிறாள்.

ஆசையெல்லாம் சித்தப்பாவுக்குத்தான். அவர் ஒரு அச்சகத்தில் மேற்பார்வையாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் நாணயச் சங்கத்தின் தலைவர். முதல் கண்காட்சியை அவரேதான் நடத்தினார். வெளியூர் வியாபாரிகள் பெட்டிகளோடு கூடத்து வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தபோது, வாசல் சாவி சித்தப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. சித்தப்பாவோ தெருமுனையில் ஒரு வியாபாரியின் காரில் உட்கார்ந்து, கண்ணில் லென்ஸோடு உலகத்தையே மறந்திருந்தார். சாப்பாடு கொண்டுவந்த சித்திதான் அவரைக் கண்டுபிடித்துச் சாவியைப் பிடுங்கினாள். அதற்குப் பிறகு அந்தச் சாவி அவர் கைக்குத் திரும்பவே இல்லை. கண்காட்சியும்தான்.

சித்தி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருக்கிறாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, அவர்கள் எழுந்து ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் தொழில். "வலியில இருக்கிறவங்களைக்கூட சமாளிச்சிடலாம்டி. இந்தக் காசுக்காரங்களைத்தான் முடியல" என்று என்னிடம் சொல்வாள்.

முடியாததற்குக் காரணம் இருந்தது. மேஜைகளிலிருந்தே தொடங்கலாம். எல்லோருக்கும் வாசலுக்கு எதிரே இருக்கும் மேஜை வேண்டும். கொடுத்தால், "வர்றவங்க எல்லாம் இப்பதானே வந்தோம், சுத்திப் பார்த்துட்டு வர்றோம்னு என்னைத் தாண்டிப் போயிடறாங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். கடைசி மேஜைக்காரரிடம் வருகிறவர்கள் எல்லாம், கழிப்பறை எங்கே என்று மட்டும் கேட்பார்கள். வேறு இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தையே இல்லை, அதனால் அவர்களைப் பக்கத்தில் போடக்கூடாது. எதிரிலும் போடக்கூடாது, முறைத்துக்கொண்டே இருப்பார்கள். சித்தி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தீப்பெட்டிகளை வியாபாரிகளாக அடுக்கி மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பாள். சித்தப்பா வந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வேறிடத்தில் வைத்துவிடுவார். அன்று வீட்டில் ஒரு பெரிய சண்டை உண்டு.

பிறகு, வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள். துணியில் சுற்றிய காசு ஒன்றைப் பயபக்தியோடு பிரித்து, "இது கோடிக்குப் போகும்னு சொல்றாங்களே, உங்ககிட்ட அவ்வளவு ரொக்கம் இருக்குமா?" என்று கேட்பார்கள். போன வாரம் கடையில் சில்லறையாகத் தந்த காசாக இருக்கும். வியாபாரிகள் சிரித்துவிடுவார்கள், வந்தவர் கோபித்துக்கொள்வார். அவர்களை எல்லாம் சித்திதான் சமாளிப்பாள். "பத்திரமா வெச்சுக்கங்க. அவசரப்பட்டு யார்கிட்டயும் கொடுத்துடாதீங்க" என்பாள். பொய் ஒன்றும் இல்லை. வந்தவரும் திருப்தியாகப் போவார்.

ஆனால் சித்தியின் உண்மையான எதிரி மூன்று மணி.

வியாபாரிகளுக்குள் நடக்கும் பெரிய வியாபாரம் எல்லாம் காலையில் கதவு திறப்பதற்கு முன்பே முடிந்துவிடும். பொதுமக்களோ ஞாயிறு மதியம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, நான்கு மணிக்குத்தான் வருவார்கள். இடையில் மூன்று மணிக்கு யாராவது ஒருவர் தன் பெட்டியை மேஜைமேல் தூக்கி வைப்பார். அதன் கொக்கி திறக்கிற சத்தம் கேட்டதும் பக்கத்து மேஜைக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார். கொட்டாவி மாதிரிதான் அது. சற்று நேரத்தில் கூடம் முழுவதும் கடை கட்டிக்கொண்டிருக்கும். முதல் கொட்டாவி பெரும்பாலும் ஒரே ஆளுடையது. பேருந்து போய்விடும் என்பது அவர் சாக்கு. சித்தி அவருக்கு வைத்த பெயர் 'மூணுமணி'. நாளடைவில் அவர் மனைவியே அவரை அப்படிக் கூப்பிடத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி.

போன ஆண்டு கூடத்தின் செயலாளர் தன் மருமகளையும் சம்பந்தியையும் பெருமையாகக் கண்காட்சிக்கு அழைத்து வந்தார். மணி நான்கு. உள்ளே காவலாளி பெருக்கிக்கொண்டிருந்தார். சம்பந்தி, "தூசிக் கண்காட்சியா?" என்று கேட்டாராம். செயலாளர் அதை மறக்கவே இல்லை. இந்த முறை பணம் கட்டப் போன சித்தியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"நாலரை மணிக்கு வருவேன்மா. ஆள் இருந்தா அடுத்த வருஷமும் கூடம் உங்களுக்கு. காலியா இருந்தா தையல் வகுப்புக்குக் கொடுத்துடுவேன். அவங்க ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காங்க."

அந்தக் கூடம் போனால் கண்காட்சியே போனது மாதிரிதான். தரைத்தளம், ஒரே வாசல், ஜன்னலுக்குக் கம்பி எல்லாம் உள்ள வேறு இடம் ஊரில் இல்லை. கம்பி இல்லாத கூடத்துக்கு எந்த வியாபாரியும் வரமாட்டார். சித்தப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சித்தி, "நான் பாத்துக்கறேன், நீங்க சாப்பிடுங்க" என்றாள்.

அவள் கண்டுபிடித்த வழி எளிமையானது. பெட்டி இல்லாமல் யாரும் கடை கட்ட முடியாது. ஆகவே காலையில் சரக்கை மேஜையில் பரப்பியதும், "போன தடவை ஒரு பெரியவர் பெட்டி தடுக்கி விழப் பார்த்தாரு" என்று சொல்லி, எல்லாப் பெட்டிகளையும் பின்னால் இருந்த சாமான் அறைக்கு அனுப்பி, அதன் சாவியைத் தானே வைத்துக்கொண்டாள். எல்லோரும் ஒரே கடையில் வாங்கிய கறுப்புப் பெட்டிகள், அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். அதனால் சாக்பீஸால் ஒவ்வொன்றிலும் எண் எழுதி, அதே எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்றை உரியவர் கையில் கொடுத்தாள்.

"அஞ்சு மணிக்கு டோக்கனைக் கொடுங்க, பெட்டியை வாங்கிட்டுப் போங்க."

மூணுமணி முணுமுணுத்தார். ஆனாலும் வாங்கிக்கொண்டார். நான் வாசல் மேஜையில் வரவேற்புச் சீட்டுகளோடு உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா வேகமாக வருவதை அங்கிருந்து பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது.

"அந்த டோக்கனை எங்கேருந்து எடுத்த?"

"உங்க பீரோவுல, கீழ்த்தட்டுல. பிஸ்கட் டப்பாவுல சும்மாதானே கிடந்துச்சு."

"சும்மாவா? அது பழைய சினிமாக் கொட்டகையோட சைக்கிள் ஸ்டாண்ட் டோக்கன்! ஒண்ணு விடாம முழு வரிசையும் சேர்த்து வெச்சிருக்கேன்!"

"சாயந்திரம் அப்படியே திரும்பி வந்துடும். வெளிநாட்டுக்கா அனுப்பிட்டேன்?"

சித்தப்பாவால் சாயங்காலம்வரை பொறுக்க முடியவில்லை. வாசலுக்கு எதிர் மேஜையில் இருந்த வியாபாரி, எப்போதும் கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கவிட்டிருக்கும் பெரியவர். நாங்கள் லென்ஸ் ஐயா என்போம். சித்தப்பா அவரிடம் போய், சாதாரணமாகக் கேட்கிற குரலில், "ஐயா, அந்த டோக்கனைக் கொடுங்க, பதிலுக்கு ஒரு செப்புக்காசு தர்றேன்" என்றார். அவருக்குச் சாதாரணமாகக் கேட்க வராது. கண் அவர் சட்டைப் பையைவிட்டு நகரவில்லை.

லென்ஸ் ஐயா டோக்கனைப் பையிலிருந்து எடுத்தார். அதுவரை அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இப்போது கண்ணாடியை வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு செப்புக்காசு" என்றார்.

அவ்வளவுதான். இந்தத் தொழிலில் ஒருவர் கேட்கிற பொருளை இன்னொருவர் கேட்காமல் இருக்க மாட்டார். சங்கத் தலைவரே கேட்கிறார் என்றால் அதில் என்னவோ இருக்கிறது என்று பேச்சுப் பரவியது. தேய்மானம் இல்லாத எண் ஒன்று, விளிம்பில் வெட்டு விழுந்த எண் இன்னொன்று. ஏழாம் எண்ணைக் கொடுத்துப் பன்னிரண்டாம் எண்ணை வாங்கினார்கள். பன்னிரண்டை ஒரு வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். மதியத்துக்குள் அவற்றில் பல, காலையிலேயே வேடிக்கை பார்க்க வந்த ஒன்றிரண்டு பேரின் பைகளில் ஏறி வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. இதெல்லாம் நடக்கும்போது சித்தி, தேநீர் கொண்டுவருகிறவரோடு சர்க்கரை பற்றி வாதாடிக்கொண்டிருந்தாள்.

சரியாக மூன்று மணிக்கு மூணுமணி சாமான் அறை வாசலுக்கு வந்தார்.

"அக்கா, பெட்டி. பஸ் போயிடும்."

"டோக்கன்?"

"வித்துட்டேன்." அதில் அவருக்குப் பெருமைதான். "இன்னிக்கு நடந்ததிலேயே நல்ல வியாபாரம் அதுதான்க்கா."

சித்தி அவரைப் பார்த்தாள். "பெட்டியையும் சேர்த்துதான் வித்தீங்களா?"

அவர் முகம் மாறியதைப் பார்த்திருக்கவேண்டும். அவர் போட்ட சத்தத்தில் மற்றவர்களும் வந்து கூடினார்கள். யாரிடமும் தன் டோக்கன் இல்லை. லென்ஸ் ஐயாவிடம் மூன்று இருந்தன, மூன்றும் மற்றவர்களுடையவை.

"சரி, டோக்கன் வேண்டாம். உங்க நம்பர் என்ன, அதை மட்டும் சொல்லுங்க" என்றாள் சித்தி.

எந்தக் காசு எந்த ஆண்டு எந்த நாணய ஆலையில் அடித்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மனிதர்கள். காலையில் கையில் வாங்கிய எண் ஒருவருக்கும் நினைவில்லை. "பத்தொன்பதோ என்னவோ" என்றார் ஒருவர். "பத்தொன்பது என்னுது" என்றார் இன்னொருவர். பேச்சுவார்த்தை இல்லாத இருவரும் அந்தப் பத்தொன்பதுக்காக நெடுநாளைக்குப் பிறகு பேசிக்கொண்டார்கள். பேசியதை எழுத முடியாது.

"ஒவ்வொண்ணா திறந்து பாத்தா தெரிஞ்சிட்டுப் போகுது" என்றேன் நான்.

எல்லோரும் ஒரே குரலில் "கூடாது!" என்றார்கள். அப்போதுதான் விஷயம் புரிந்தது. மேஜையில் இருப்பது ஊருக்குக் காட்டுகிற சரக்கு. நல்லது எதுவோ அது பெட்டியின் அடியில், பெரிய வாடிக்கையாளருக்காக, அடுத்த மேஜைக்காரருக்குத் தெரியாமல் இருக்கும்.

சித்தி சற்று யோசித்தாள். பிறகு நாற்காலிகளை வரிசையாகப் போடச் சொன்னாள். "எல்லாரும் உட்காருங்க. ஒவ்வொருத்தரா வந்து பெட்டியில என்ன இருக்குன்னு என் காதுல சொல்லுங்க. நான் திறந்து பார்த்துட்டுத் தர்றேன். காசு பத்தி எனக்கு எதுவும் தெரியாது. வெளியே போகாது."

அது நியாயமாகத் தெரிந்தது. மூணுமணி முதலில் போய்க் குனிந்து கிசுகிசுத்தார்.

"ரெண்டு பக்கமும் தலையா?" என்றாள் சித்தி. "அப்ப பூவா தலையா போட்டா எப்படி?"

"மெதுவாக்கா! ஆலையில தப்பா அடிச்சது. விளிம்புல..." அவர் மேலும் ஏதோ சொன்னார். சித்திக்குத் தலையும் புரியவில்லை, விளிம்பும் புரியவில்லை. பழக்கதோஷத்தில் கழுத்தைத் திருப்பி, "என்னங்க! இங்க வாங்க, இவர் சொல்றது என்னன்னு பாருங்க" என்று கூப்பிட்டாள்.

சித்தப்பா வந்து காதைக் கொடுத்தார். கேட்டார். கூடமே அதிரும்படி கத்தினார்.

"இரட்டைத் தலைக் காசா! அது உங்ககிட்டயா இருக்கு?"

நான்கு மணிக் கூட்டம் அப்போதுதான் தூக்கம் கலைந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. மூணுமணியின் பெட்டி திறந்ததும் சுற்றி ஆட்கள். "விக்கிறதுக்கு இல்ல" என்றார் அவர். ஒருவர் ஒரு விலை சொன்னார். "இல்லைன்னு சொன்னேன்" என்றார், குரல் கொஞ்சம் இறங்கி. இன்னொருவர் அதற்கு மேலே சொன்னார். மூணுமணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் மேஜைக்கே திரும்பி, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பேருந்தை யாரும் நினைவுபடுத்தவில்லை.

சித்தி இதைப் பார்த்தாள். அடுத்தவரைக் கூப்பிடும்போது அவளிடம் அவசரம் போய்விட்டிருந்தது. ஒருவர் கிசுகிசுப்பார், சித்தப்பா அலறுவார், சாமான் அறைக் கதவு மெல்லத் திறக்கும். அடுத்தவரை அழைப்பதற்கு முன் சித்தி தண்ணீர் குடிப்பாள், சாக்பீஸ் எண்ணை அழிப்பாள், வேண்டுமென்றே மின்விசிறியைச் சரிசெய்வாள். தங்கள் ரகசியம் வெளியாகிறதே என்று முதலில் பதறிய வியாபாரிகள், பக்கத்து மேஜையில் நடக்கும் விற்பனையைப் பார்த்ததும், தாங்களாகவே உரக்கச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். லென்ஸ் ஐயா தன் முறை வந்தபோது காதைத் தேடவே இல்லை. நாற்காலிமேல் ஏறி நின்று அறிவித்தார்.

நாலரைக்கு வந்த செயலாளரால் வாசலைத் தாண்ட முடியவில்லை. இந்த முறையும் சம்பந்தி கூடவே வந்திருந்தார். இருவரும் கால்விரலில் எக்கிப் பார்த்தார்கள். "என்ன கூட்டம்யா!" என்றார் சம்பந்தி. செயலாளர் இதெல்லாம் எப்போதும் நடப்பதுதான் என்பதுபோல் தோளைக் குலுக்கினார். நான் வரவேற்புச் சீட்டை நீட்டினேன். சம்பந்தி அதை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்து காணாமல் போனார்.

ஆறு மணிக்குக் காவலாளி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார். மேஜைகளில் செல்போன் வெளிச்சங்கள் எழுந்தன. யாரும் நகரவில்லை. சித்தப்பா எங்கோ ஒரு மூலையில் தன் டோக்கன் ஒன்றை இரண்டு மடங்கு விலைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்.

செயலாளர் சித்தியிடம் வந்தார். "அடுத்த வருஷத்துக்குத் தேதி சொல்லிடுங்கம்மா, எழுதிக்கிறேன். ஆனா இவங்களை எப்ப வெளியே அனுப்புவீங்க? ஏழு மணிக்கு இங்க ஒரு கூட்டம் இருக்கு."

சித்தி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.

"உட்காரவைக்கத்தான் சார் எனக்குத் தெரியும். எழுப்பறது உங்க பாடு."