மைக் அண்ணன் பேசாத மாதம்

என் அண்ணனுக்கு வாய் ஓயாது. பிறந்த அன்று தொடங்கிய அழுகையை அவன் இன்னும் நிறுத்தவில்லை, நடுவில் அதைப் பேச்சாக மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான் என்று எங்கள் அப்பா சொல்வார். பள்ளிக்கூடத்தில் வாசலில் நிற்க வைத்தால் ஜன்னல் வழியாகப் பேசுவான். ஊரே அவனை மரியாதையாக மைக் அண்ணன் என்கிறது. எனக்குச் சொந்த அண்ணன் என்பதால் அந்த மரியாதை வரவில்லை, அவன் இவன் என்றுதான் வருகிறது.

போலீஸில் ஜீப் டிரைவராகச் சேர்ந்தான். கூரையில் ஒலிபெருக்கி வைத்த ஜீப். அறிவிப்புச் சொல்லும் ஏட்டுக்கு ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டது. மைக்கை இவன் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அதை யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை.

"சிவப்புச் சட்டை போட்ட பையன் ஒருத்தன் ஸ்டேஷன்ல உக்காந்து பிஸ்கட் தின்னுட்டிருக்கான். அம்மா அப்பா சீக்கிரம் வாங்க, பாக்கெட் காலியாகப் போகுது." இதுதான் அவன் அறிவிப்பு. தண்ணீர்க் குழாய் உடைந்தால், "பச்சைக் கேட்டு வீட்டு அக்கா, வாசல்ல ஆறு ஓடுது, பாத்து வாங்க, துணி மூட்டையைத் தூக்கிட்டு வந்துடாதீங்க" என்பான். மக்கள் சிரித்துக்கொண்டே சொன்னதைக் கேட்பார்கள். அதிகாரிகளுக்கு எரிச்சல்தான், ஆனாலும் வேலை நடந்தது.

அந்த மைக்கின் பொத்தானுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அழுத்தினால் சில சமயம் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். தொடையில் ஒரு தட்டுத் தட்டினால்தான் வெளியே வரும். ஒருமுறை தட்ட மறந்துவிட்டு, ஜீப்பில் உட்கார்ந்தபடி அண்ணியோடு போனில் சண்டை போட்டான். அண்ணி பேசியது யாருக்கும் கேட்கவில்லை. "சரி சரி, தப்பு எம் மேலதான், போதுமா?" என்று இவன் முடித்தது மட்டும் எல்லா வீட்டுக்கும் கேட்டது. அடுத்த சில நாள் அண்ணி கடைக்குப் போன நடையே வேறு.

எங்கள் வீடுகள் மலையடிவாரத்தில் இருக்கின்றன. வீடுகள் மலைமேல் ஏற ஏற, மலையில் இருந்தவை தெருவுக்கு இறங்கத் தொடங்கின. மயக்க ஊசி போடும் துப்பாக்கி வனத்துறையிடம் இருக்கிறது, அவர்களோ தூரத்தில் இருக்கிறார்கள். முதலில் வந்து நிற்பது போலீஸ். போலீஸிடம் இருக்கும் துப்பாக்கிக்குத் தூங்க வைக்கத் தெரியாது.

போன வருடம் ஒரு சிறுத்தை, ஒரு வீட்டின் கார் ஷெட்டுக்குள் புகுந்துகொண்டது. கூட்டத்தைக் கலைக்க அண்ணனை அழைத்துப் போனார்கள். "மாடியில நிக்கிற மாமா, சிறுத்தைக்கு லிப்டெல்லாம் வேண்டாம், ஒரே தாவுதான். உள்ள போங்க" என்று ஆரம்பித்தான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் உள்ளே போகவில்லை. மைக் அண்ணன் பேசுகிறார் என்று அடுத்த தெருவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இவன் இன்னும் நன்றாகப் பேசினான், இன்னும் ஆட்கள் வந்தார்கள். கடைசியில் சத்தம் தாங்காமல் சிறுத்தை வெளியே பாய்ந்தது. பாய்ந்த இடத்தில் எல்லாம் மனிதர்கள். சுட்டுவிட்டார்கள்.

அதை யாரோ படம் பிடித்திருந்தார்கள். அண்ணனின் பேச்சு, கூட்டத்தின் சிரிப்பு, முடிவில் வெடிச்சத்தம். அது எல்லோருடைய போனுக்கும் வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் இவனை நிறுத்தி, "அண்ணே, செம காமெடிண்ணே" என்றார்கள்.

அன்று என் தையல் கடைக்கு வந்து துணி மூட்டைமேல் உட்கார்ந்தான். "நான் பேசினதைக் கேக்கத்தான் அவங்க நின்னாங்க, குட்டி. நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா பாதிப் பேர் வந்திருக்க மாட்டாங்க" என்றான். அப்படியெல்லாம் இல்லை அண்ணா என்று சொல்ல எனக்கு ஆசைதான். சொல்லாமல் கையிலிருந்த சட்டையைத் தைத்தேன்.

அதற்குப் பிறகு அறிவிப்பை எழுதிக் கொடுத்தபடி வாசித்தான். "பொதுமக்களின் கவனத்திற்கு" என்று அவன் குரலில் கேட்டபோது, அவன்தானா என்று மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தேன். "மைக் அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கடைக்கு வருபவர்கள் கேட்டார்கள். வீட்டிலும் அப்படித்தான். கேட்டதற்குப் பதில், அதற்குமேல் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு ஒரு ரேடியோ போதாதா என்று எத்தனையோ வருடம் திட்டிய அண்ணி, வலியப் போய்ப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். பயனில்லை.

இந்த நேரத்தில் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கெட்ட கட்டி இல்லை என்றார்கள், வெட்டி எடுத்தார்கள். ஒரு மாதம் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, மீறினால் குரல் திரும்புவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் தலையாட்டிய வேகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. யாரோ அவனுக்கு லீவு கொடுத்ததுபோல் இருந்தது அது. டீ வேண்டுமென்றால் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவான். சர்க்கரை பத்தாது என்றால் முகத்தைக் கோணுவான். வீடு அமைதியாக இருந்தது, அது யாருக்கும் பிடிக்கவில்லை.

அப்போதுதான் கரடி வந்தது.

ஒரு சாயங்காலம், என் கடைக்கு எதிரே இருக்கும் அத்தி மரத்துக்குப் பழம் தின்ன வந்திருக்கிறது. யாரோ பார்த்துக் கத்தியதும் மேலே ஏறிக்கொண்டது. நான் வெளியே வந்தபோது தெரு நிறைந்திருந்தது. தகரத்தைத் தட்டினார்கள், கல்லை எறிந்தார்கள். கரடி கிளையைக் கட்டிக்கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டது.

ஜீப்பில் இன்ஸ்பெக்டர் வந்தார். புதிதாக வந்தவர், சின்ன வயசு. தோளில் துப்பாக்கி. கூட வந்த கான்ஸ்டபிள் மைக்கில் "பொதுமக்கள் உடனடியாகக் கலைந்து செல்லுமாறு" என்று கத்தக் கத்த, என்னவோ ஏதோ என்று இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள். வனத்துறை ஆட்கள் இருட்டுவதற்குள் வர வழியில்லை.

"கூட்டத்துக்கு நடுவுல குதிச்சுதுன்னா சுட்டுத்தான் ஆகணும். வேற என்ன பண்ண முடியும், சொல்லுங்கம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர் என்னிடம். பக்கத்தில் நின்ற பாவத்துக்கு என்னைக் கேட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணன் வந்தான், பின்னாலேயே அண்ணி. இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்தது. கான்ஸ்டபிளிடமிருந்து மைக்கை வாங்கி அண்ணன் கையில் திணித்தார். "அண்ணே, ஒரு வார்த்தை. நீங்க சொன்னா போயிடுவாங்க."

"மைக் அண்ணன் வந்துட்டாரு!" என்று எவனோ விசிலடித்தான். மாடிகளில் புதிய தலைகள் முளைத்தன. போன்கள் மரத்தை விட்டு அண்ணன் பக்கம் திரும்பின. சிறுத்தையின் நாள் அப்படியே திரும்பி வந்து நிற்கிறது. "அண்ணா, வாயைத் திறக்காதே!" என்று கத்தினேன். தொண்டைக்காகக் கத்தினேனா, கரடிக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

அவன் கரடியைப் பார்த்தான். கையிலிருந்த மைக்கைப் பார்த்தான். அதை ஜீப்பின் சீட்டில் வைத்தான். பிறகு நேராக மளிகைக்கடைக்காரரிடம் போய், எறிய வைத்திருந்த கல்லை வாங்கிக் கீழே போட்டு, அவர் கையைப் பிடித்தான். ரோடு கடக்கத் தெரியாத பிள்ளையைக் கூட்டிப் போவதுபோல் அவரைக் கடைக்குக் கூட்டிப் போனான்.

"என்னண்ணே, என்ன விஷயம்? சொல்லுங்க" என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். பதில் சொல்லாதவனிடம் எவ்வளவு நேரம் கேட்பது? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்து தெருமுனை வீட்டு ரிட்டயர்டு ஆபீசர். துப்பாக்கியை எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கக்கூடாது என்று சட்டம் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டியபடியே நடத்திக் கூட்டிப்போய், அவர் வீட்டுக் கேட்டை வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டான். அவர் கேட்டுக்கு உள்ளிருந்தும் பேசினார். படம் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணின் போனை உள்ளங்கையால் மெல்ல மூடி, தலையைத் தடவி, வீட்டுப் பக்கம் கை காட்டினான். தோளில் குழந்தையோடு நின்றவளிடம் குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டு நடந்தான். அவள் தானாகப் பின்னால் போனாள்.

சண்டைக்கு வருபவனோடு சண்டை போடலாம், பேசுபவனைக் கேலி செய்யலாம். கையை மட்டும் நீட்டிக்கொண்டு எதிரே நிற்பவனை என்ன செய்ய முடியும்? அண்ணி ஒரு பக்கம் கை பிடிக்க ஆரம்பித்தார், நான் ஒரு பக்கம். பிறகு அவரவர்களே பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்தார்கள். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்காரர்கள்கூடக் கைகோத்துப் போனதைப் பார்த்தேன். மறுநாள் அவர்கள் பழையபடி முறைத்துக்கொண்டார்கள், அது வேறு.

தெருவில் இன்ஸ்பெக்டர் மட்டும் மிச்சம். துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்தபடி மரத்தடியில் நின்றார். கரடிக்கு அவரும் ஒரு கூட்டம்தானே. அண்ணன் போய்க் கையை நீட்டினான்.

"நான் எப்படிண்ணே வர்றது? ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தானே கேப்பாங்க?"

அண்ணன் நீட்டிய கையை எடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் மரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர், கான்ஸ்டபிள், அண்ணன், அண்ணி, நான் எல்லோரும் என் கடைக்குள் இருந்தோம். ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டுத் தரையில் படுத்துப் பார்த்தோம். துப்பாக்கி இன்ஸ்பெக்டரின் கையில் தயாராக இருந்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பட்டையில் நகம் உரசும் சத்தம். பின்பக்கம்தான் முதலில் இறங்கியது, அப்பாவின் செருப்பைப் போட்ட குழந்தைபோலப் பாதத்தைத் தேடித் தேடி வைத்து. தரையில் உட்கார்ந்து முதுகைச் சொறிந்துகொண்டது. உதிர்ந்து கிடந்த பழங்களைத் தின்றது. அப்புறம் மெதுவாக நடந்து, திறந்திருந்த ஜீப்புக்குள் தலையை விட்டது.

தெரு முழுக்க ஒரு பெரிய மூச்சுக் கேட்டது.

பொத்தான் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கான்ஸ்டபிள் அழுத்தியது அப்படியே நின்றிருக்கிறது, கூட்டத்தின் இரைச்சலில் யாரும் கவனிக்கவில்லை, அண்ணனும் தொடையில் தட்ட மறந்துவிட்டான். கரடி மைக்கை மோந்து பார்த்து மூச்சு விட, கூரையிலிருந்த ஒலிபெருக்கி அதை ஒவ்வொரு வீட்டுக்கும் சொன்னது. ஈரமான, கனமான, பயந்த மூச்சு. இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினார். அண்ணன் அவர் தோளில் கை வைத்து அழுத்தினான். அதற்குள் கரடி தன் சத்தத்துக்குத் தானே மிரண்டு தலையை இழுத்துக்கொண்டது, சுற்றிச் சுற்றிப் பார்த்தது, குலுங்கிக் குலுங்கி மலைப் பக்கம் ஓடிவிட்டது.

ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியிலிருந்து குண்டுகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, என் தையல் மெஷினில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணன் படுத்த இடத்திலிருந்து எழவில்லை. சத்தம் வராமல் அழ முடியும் என்று அன்றுதான் பார்த்தேன். அந்தப் பாவிக்கு அழுவதற்குக்கூட அனுமதி இல்லை. நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

மாதம் முடிந்து டாக்டரிடம் போனோம். தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தவர், "நல்லா ஆறியிருக்கு. ஏதாவது பேசுங்க" என்றார்.

அண்ணன் பேசவில்லை. எங்களைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். மறந்தே போய்விட்டதா என்று எனக்குத் திக்கென்றது. செருமிக்கொண்டான். பழைய குரல் இல்லை, மெலிந்து, ஓரமெல்லாம் பிசிறடித்த குரல்.

"அந்தக் கரடி மைக்ல என்னைவிட நல்லாப் பேசுச்சு, இல்ல? என்ன ஒண்ணு, அதுக்கும் பொத்தானைத் தட்டத் தெரியல."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுதுவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேசுங்க" என்றார். "இன்னும் பேசுங்க."