சட்டையைக் கழற்ற வேண்டிய இடம்

முதலில் வாயில்தான் புண் வந்தது. உடம்புச் சூடு என்று நினைத்து மோராகக் குடித்துத் தள்ளினேன். பிறகு மார்பிலும் முதுகிலும் கொப்புளங்கள் வந்தன. உடைந்தால் ஆறவில்லை, சட்டை ஒட்டிக்கொண்டது. வலியசாலை அக்கிரகாரத்தில் எங்கள் வீட்டு ஆண்கள் வெற்றுடம்போடுதான் சாப்பிட உட்காருவார்கள். நான் மட்டும் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்தேன். அது புண்ணை இன்னும் கிளறியது.

தோலைச் சிறிது வெட்டிச் சோதித்த டாக்டர், பெம்ஃபிகஸ் என்றார் (தோல் செல்களை ஒட்டவைக்கும் பசையை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோய்).

"இது யாருக்கும் ஒட்டாது, கேட்டோ. தைரியமா குழந்தையைத் தூக்கலாம்," என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

மகளுக்கு அப்போது மூன்று மாதம். டாக்டர் சொன்னது புத்திக்குப் புரிந்தது. கைதான் நீளவில்லை. என் புண்ணின் நீர்க்கறை அவள் கவுனில் படுமே என்று கூசினேன்.

தோலைத் தாக்கும் அந்தத் தவறான எதிர்ப்பொருள்கள் பி செல்களிலிருந்து (ஒருவகை வெள்ளையணு) வருகின்றன. அந்தச் செல்களின் மேற்பரப்பில் சி.டி.20 என்றொரு புரதம் உண்டு. எனக்கு நரம்பு வழியாக ஏற்றிய மருந்து அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு செல்லை அழிக்கும். நல்லது கெட்டது பார்க்காது. மேலே தெரிவதை வைத்து ஆளை எடை போடுகிறார்களே என்று, என் புண்ணைப் பார்த்து விலகிய ஆபீஸ்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு, அதே காரியத்தைச் செய்யும் மருந்துதான் வாய்த்தது.

மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், கொஞ்ச காலம் கூட்டத்துக்குள் போக வேண்டாம் என்றார் டாக்டர். எனக்கு அது வசதியாகப் போயிற்று. புண்கள் ஆறி, கறுப்புத் தழும்புகளாக நின்ற பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகளுக்குச் சோறூணு வந்தது. கோவிலில் வைத்து முதல் சோறு ஊட்டும் சடங்கு. அப்பா மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே கோவிலுக்குள் ஆண்கள் சட்டை போடக் கூடாது.

"உன் அண்ணா மடியில வச்சுக்கட்டும் காயத்ரி. டாக்டர் கூட்டம் வேண்டாம்னாரே."

என் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை.

"டாக்டரைக் கேட்டுட்டேன். கூட்டமில்லாத நேரமாப் பாத்து மாஸ்க் போட்டுண்டு போனா குழப்பமில்லன்னார். உங்களுக்கு வெக்கம்னா வெக்கம்னு சொல்லுங்கோ. டாக்டர் தலையில போடாதேங்கோ."

"வெக்கம்தான்," என்றேன்.

"சரி. வெக்கத்தோடயே வாங்கோ."

போனேன். பிராகாரத்தில் சட்டையைக் கழற்றியபோது ஒருவர் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றார். காது வரை சுட்டது. மகளை மடியில் வாங்கினேன். சோற்றைத் துப்பிவிட்டு, அந்தப் பிசுபிசுத்த கையால் என் மார்புத் தழும்பைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு நாளாக மருந்தையும் சட்டையையும் தவிர வேறெதுவும் தொடாத இடம் அது.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அந்தச் செல்களும் மெல்லத் திரும்பி வரும், அவற்றோடு நோயும் வரலாம். மகளுக்கு எத்தனை மாதம் என்று யாராவது கேட்டால், மருந்து ஏற்றி எத்தனை மாதம் என்றும் மனசு சேர்த்தே எண்ணுகிறது. ஆனால் சாப்பிடும்போது இப்போது சட்டை போடுவதில்லை. அவளுக்குப் பிடித்துக்கொள்ள அந்த இடம் வேண்டும்.