கடைசி பெஞ்சுக்கு ஒரு கேள்வி

எங்கள் பள்ளியில் ஆசிரியர் தினத்தன்று பிளஸ் டூ பிள்ளைகள்தான் டீச்சர்கள். புடவை கட்டிக்கொண்டு வந்து கீழ் வகுப்புகளுக்குப் பாடம் நடத்துவார்கள். டீச்சர் வேலைக்கே போகப்போகிறேன் என்று சொல்லும் பிள்ளைகளில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, மாலையில் பெற்றோர் முன்னால் மேடையேற்றிச் சால்வை போடுவோம். தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில். கணக்கு டீச்சருக்கு ஈவிரக்கம் இருக்காது என்று எச்.எம். நம்புகிறார். அவர் நம்புவதில் தப்பில்லை.

அந்த வருடம் பக்கத்து ஊர் போலகத்துப் பெண் ஒருத்தி முந்தின நாளே என்னிடம் வந்து நின்றாள். பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். அவளுடைய வாப்பா துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார்.

"பி.காம் சேருன்னு வாப்பா சொல்றாங்க டீச்சர். மாமா கடையில கணக்குப் பாக்க ஆள் வேணுமாம். நாளைக்கு மேடையில என்னைக் கூப்பிட்டா பி.எட். வரைக்கும் படிக்க வைக்கிறேன்னு சொல்லிட்டாங்க."

"சிபாரிசுக்கு வந்தியா?"

"இல்ல டீச்சர். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

மறுநாள் பத்தாம் வகுப்பை அவளிடம் கொடுத்தேன். சற்றுப் பொறுத்து வராந்தாவில் நடந்து வரும்போது, வகுப்புக்குள்ளிருந்து என் குரல் கேட்டது. நான் வெளியே நிற்கிறேன். உள்ளே நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அவள்தான். சாக்பீஸை ஒடித்துப் பாதியை மேசையில் வைப்பதும், கணக்கை எழுதிவிட்டு இடுப்பில் கை வைத்துப் பின்னால் நகர்வதும் அப்படியே நான். பிள்ளைகள் ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

கணக்கு முடிந்தது. அவள் கடைசி பெஞ்சின் ஜன்னலோர இடத்தைப் பார்த்து, "நீ சொல்லு" என்றாள். அங்கே யாரும் இல்லை. அவள் காத்திருந்தாள். வகுப்பும் திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் தலையாட்டி, "சரி, உட்காரு" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மணி அடித்ததும் அவளை வராந்தாவுக்கு வரச் சொன்னேன்.

"யாரைக் கிண்டல் பண்ற? சால்வைய மறந்துடு."

"கிண்டல் இல்ல டீச்சர். நீங்க செய்றதத்தான் செஞ்சேன். கணக்கு முடிஞ்சதும் அந்த எடத்தப் பாத்துக் கேப்பீங்க. கொஞ்ச நேரம் நிப்பீங்க. அப்புறம் சரி உட்காருன்னுட்டு அடுத்த கணக்குக்குப் போயிடுவீங்க. அதான் அங்க யாரும் உக்கார மாட்டோம். எங்களுக்கு முந்தின செட்டு அக்காங்க சொல்லிட்டுப் போனாங்க."

நான் அப்படிச் செய்வது சத்தியமாக எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் வெயில் அடிக்கும், அதனால் பிள்ளைகள் உட்காருவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு காலத்தில் அங்கே கடலோரத்துப் பட்டினச்சேரிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் டீச்சராக வேண்டும் என்று ஆசை. சரியான விடையைக்கூடச் சந்தேகமாகத்தான் சொல்வாள். "பன்னெண்டா டீச்சர்?" என்பாள். "விடையையே என்கிட்ட கேட்டா நீ எப்படிடி பாடம் நடத்துவ? சரி, உட்காரு" என்று கேலி செய்வேன். வகுப்போடு சேர்ந்து அவளும் சிரிப்பாள். சுனாமி வந்த அந்த அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவள் வரவில்லை. அவளைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. எதிரே நின்ற பெண் அப்போது பிறந்திருக்கவே இல்லை.

கோபம் போன இடம் தெரியவில்லை.

"சரி, நான் ஏதோ நிக்கிறேன். நீ ஏன் அவ்வளவு நேரம் நின்ன?"

"பதில் வர்ற வரைக்கும் நிக்கணும்ல டீச்சர்."

"வந்துச்சா?"

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "வந்துச்சு டீச்சர். விடை சரிதான். ஆனா சந்தேகமாவே சொல்றா, நம்மகிட்டயே கேக்குற மாதிரி."

மாலையில் மேடைக்கு அவளைத்தான் கூப்பிட்டேன். அவளுடைய வாப்பா எழுந்து நின்று கைதட்டினார். சால்வையை நான்தான் போட்டேன்.

இப்போது தெரிந்தே அந்த இடத்தைப் பார்த்துக் கேட்கிறேன். மின்விசிறிச் சத்தம்தான் வருகிறது. போலகத்துப் பெண்ணுக்குக் கேட்டது எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவள் பி.எட். முடித்து இந்தப் பள்ளிக்கே வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நான் ரிட்டயர் ஆன பிறகு, அந்தக் கடைசி பெஞ்சுப் பிள்ளையிடம் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும்.